கை பிடிப்பதை மரம் பிடிக்கட்டும்: பட்டறை மெஷின்களுக்கு நாமே செய்யும் ஜிக்குகள்

மேஜை நடுவில் வட்ட ரம்பம் எட்டிப் பார்க்கும் டேபிள் சா வாங்கிய முதல் மாதத்தில் எட்டு ட்ராயர்களுக்குப் பலகை அறுத்தேன். பெட்டிக்கு நான்கு என்று முப்பத்திரண்டு பலகைகள். அடுக்கி வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவு. 90 பாகை பார்க்கும் மூலமட்டத்தை முனையில் வைத்தால்தான் விஷயம் தெரிந்தது. ஒரு பக்கம் ஒட்டுகிறது, மறுபக்கம் கால் நூல் அளவுக்கு வெளிச்சம் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). பெட்டியாகக் கூட்டினால் மூன்று மூலை தரையில் உட்காருகிறது, நான்காவது தூக்கிக்கொண்டு நிற்கிறது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, பிளேடும் நேராகத்தான் சுற்றியது. பலகையைப் பிளேடு வரை கொண்டுபோன வழிதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியது.

மரவேலை மெஷின் எதை எடுத்துக்கொண்டாலும் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ரம்பம் சுற்றும், ட்ரில் பிட் சுற்றி இறங்கும், ரௌட்டர் பிட் சுற்றும். மரம் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை மெஷினுக்கு வெளியே யாரோ தீர்மானிக்க வேண்டும். கை தீர்மானித்தால் முப்பத்திரண்டு தடவையும் புதிதாகத் தீர்மானிக்கிறது. அந்த வேலையை மரத்தால் செய்த ஒரு சட்டத்திடம் கொடுத்துவிட்டால், அது ஒரே தடவை தீர்மானித்து அப்படியே வைத்துக்கொள்ளும். பட்டறையில் ஜிக் என்று சொல்வது இதைத்தான். அளவையும் கோணத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் மரத்துண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் முதல் காரணம். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2850 சுற்று சுற்றினால், அதன் பல் விநாடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர் போகிறது. மணிக்கு 136 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பல்லிலிருந்து விரலை ஒரு சாண் தள்ளி வைக்கும் எதுவானாலும் அது செய்யத் தகுந்த வேலை.

ஏன் மரத்தாலேயே செய்ய வேண்டும்? இரும்பு உறுதியானதுதானே என்று கேட்பார்கள். மரமென்றால் தப்பித் தவறிப் பிளேடு பட்டாலும் பிளேடின் கார்பைடு பல் உடையாது. வேண்டிய இடத்தில் வேண்டிய ஸ்க்ரூவைப் போடலாம். தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று செய்யலாம். செய்யத் தேவையான மெஷினும் மரமும் ஏற்கெனவே பட்டறையில் இருக்கின்றன. கனடாவில் மரவேலைக் காணொளிகள் செய்யும் மத்தியாஸ் வாண்டெல் போன்றவர்கள் இதையே எல்லை வரை கொண்டுபோய், பேண்ட்சா என்னும் பட்டை ரம்ப மெஷினின் சட்டத்தையும் சக்கரத்தையும்கூட மரத்திலேயே செய்து ஓட்டியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு சறுக்குப் பலகையில் தொடங்கினால் போதும்.

சறுக்குப் பலகை

ஸ்லெட் என்று சொல்லும் இந்தப் பலகை டேபிள் சாவின் மேல் முன்னும் பின்னும் ஓடும். அடியில் ஒட்டிய இரண்டு ரன்னர்கள், மேஜையில் பிளேடுக்கு இரு பக்கமும் இருக்கும் காடிகளில், அதாவது நீளப் பள்ளங்களில், உட்கார்ந்திருக்கும். மேலே இரண்டு சட்டங்கள் உண்டு. நம் பக்கத்துச் சட்டத்தில்தான் அறுக்கும் மரத்தை அணைத்து வைக்கிறோம், அதனால் அது பிளேடுக்குத் துல்லியமாக 90 பாகையில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. நடுவில் பிளேடு போட்ட வெட்டால் பலகை இரண்டாகப் பிரியாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. மரம் தானாக நகருவதில்லை, பலகையோடு சேர்ந்து போகிறது. மேஜை இரும்பில் உராயும் சிக்கலே கிடையாது.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் எடுங்கள். தனிப் பலகை வேண்டாம். மரம் ஈரத்தை வாங்கினால் நீளவாட்டில் கிட்டத்தட்ட நகராது, அகலத்தில்தான் உப்பும். பிளைவுட்டில் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் அகலத்தை அடுத்ததன் நீளம் பிடித்து நிறுத்துகிறது. ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் கிடைத்தால் நல்லது. ஆனால் முத்திரையைவிட முக்கியம், கடையிலேயே தரையில் படுக்க வைத்துப் பார்த்து வளைவில்லாத துண்டாகத் தேர்ந்தெடுப்பது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அதைவிடத் தட்டையாக இருக்கும், உண்மைதான். தண்ணீர் பட்டால் விளிம்பு வீங்கிவிடும், பிறகு பழைய கனத்துக்குத் திரும்பாது. கூரை ஒழுகும் வாய்ப்புள்ள பட்டறையில் நான் அதை நம்ப மாட்டேன்.

சட்டங்களுக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி 36 மி.மீ. கனமாக்கிக்கொள்ளுங்கள். ஒட்டும்போது நம்பகமான தட்டையான மேஜை மேல் வைத்து கிளாம்ப் போட வேண்டும். ஒட்டும்போது வளைந்தால் காய்ந்த பிறகும் வளைந்தேதான் இருக்கும்.

ரன்னருக்கு மட்டும் நல்ல மரம் வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் காடி 19 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம் இருக்கும், அதாவது ஆறு நூல் அகலம், மூன்று நூல் ஆழம். காய்ந்த தேக்கில் சட்டம் எடுக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி உப்புவதில்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது, வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் தேக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் சுருங்கும். வளையங்களை ஒட்டிப் போகும் திசையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மழைக்காலத்தில் மரத்தின் ஈரம் 5 சதவீதம் ஏறினால், தவறாக எடுத்த 19 மி.மீ. ரன்னர் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. அகலமாகிவிடும். காடியில் இறுகி நிற்க அது போதும். ரன்னருக்கு எடுத்த துண்டின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் படுத்திருந்தால் அந்தத் துண்டு வேண்டாம். செங்குத்தாக நின்றால் உப்பல் பாதியாகக் குறைந்துவிடும்.

ரன்னரின் உயரம் காடியின் ஆழத்தைவிட ஒரு மில்லிமீட்டராவது குறைவாக இருக்கட்டும். அடியில் மரத்தூள் சேர இடம் வேண்டும். ஒட்டும் நேரத்தில் மட்டும் காடிக்குள் சில ஒரு ரூபாய் நாணயங்களைப் போட்டு அவற்றின் மேல் ரன்னரை வைத்தால், அது மேஜை மட்டத்துக்குச் சற்று மேலே எட்டிப் பார்க்கும். மேலே மெல்லிய கோடாக ஃபெவிகால், அதன் மேல் அடிப்பலகையை வைத்து கனமான பொருள் எதையாவது ஏற்றிவிடலாம். பிசின் அதிகமானால் வழிந்து காடியில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கோடு மெல்லியதாகவே இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து மெதுவாகத் தூக்கி, காடியில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அடியிலிருந்து சிறிய ஸ்க்ரூ போடுங்கள். பிளேடு போகும் வழியில் எந்த ஸ்க்ரூவும் வரக்கூடாது. பென்சிலில் அந்த வழியை முதலிலேயே கோடு போட்டு வைப்பது என் பழக்கம்.

முதல் தடவை தள்ளும்போது அநேகமாக இறுகும். எங்கே இறுகுகிறது என்று ஊகிக்க வேண்டாம். காடியின் உள் பக்கங்களில் பென்சிலை நன்றாகத் தேய்த்துவிட்டு நான்கு தடவை ஓட்டுங்கள். ரன்னரில் கறுப்பு ஏறிய இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் மணல் தாளால் இரண்டு இழுப்பு. மறுபடி பென்சில், மறுபடி ஓட்டம். அரை மணி நேரம் எடுக்கும் வேலை, அவசரப்படக் கூடாது. ஒரு கட்டத்தில் விரல் நுனியால் தள்ளினாலே பலகை போகும், ஆனால் பக்கவாட்டில் ஆட்டினால் அசையாது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மெழுகுவர்த்தியை ரன்னரில் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், அது மரத்துக்குள் இறங்கும், தூளையும் பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் அடையாளம் வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து காடியின் விளிம்பிலிருந்து தூரத்தை அளவெடுங்கள். அதே பல்லைப் பின்னால் திருப்பி மறுபடி அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் பிளேடும் காடியும் இணையாக இல்லை என்று அர்த்தம். முதலில் மெஷினைச் சரிசெய்ய வேண்டும். கோணலான காடியில் எவ்வளவு நல்ல சறுக்குப் பலகை ஓடினாலும் பிளேடின் பின்பக்கம் மரத்தைக் கருக்கும்.

உள்ளூரில் வெல்டிங் செய்து கொடுக்கும் டேபிள் சா பலவற்றில் காடியே இருக்காது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அடிப்பலகையை மேஜையைவிடச் சற்று அகலமாக எடுத்து, மேஜையின் இரண்டு பக்க விளிம்பையும் கவ்வுகிற மாதிரி அடியில் இரண்டு கட்டைகளைப் பொருத்தலாம். அந்த விளிம்புகள் நேராகவும் பிளேடுக்கு இணையாகவும் இருக்கின்றனவா என்று முன்சொன்ன அதே பல் சோதனையில் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஐந்து வெட்டுச் சோதனை

எதிர்ப்பக்கச் சட்டத்தை நன்றாகத் திருகிவிடுங்கள். நம் பக்கத்துச் சட்டத்தின் வலது முனையில் மட்டும் ஒரு ஸ்க்ரூ, அது அச்சாணி. இடது முனையில் மூலமட்டம் வைத்துப் பார்த்து, தற்காலிகமாக இன்னொரு ஸ்க்ரூ. இப்போது பிளேடைக் கீழிறக்கி, மெஷினை ஓட விட்டு, பலகையைப் பிடித்தபடி பிளேடை மெல்ல மேலே ஏற்றுங்கள். வெட்டு வாய் ஒன்று திறக்கும். பலகையைத் தள்ளி அந்த வாயை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் எந்தச் சட்டத்தையும் முழுக்கத் துண்டாக்கிவிடாமல்.

மூலமட்டத்தை மட்டும் நம்பி நிறுத்திவிடலாமா? ட்ராயருக்குப் போதும். அலமாரிக் கதவுக்குப் போதாது. சிறிய மூலமட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் மரவேலைப் பள்ளி நடத்திய வில்லியம் இங் காணொளி வழியாகப் பரப்பிய முறை இது.

சுமார் 400 மி.மீ. சதுரமுள்ள பிளைவுட் துண்டு ஒன்றைப் பிளேடுக்கு இடப்பக்கம் வைத்து, வலது விளிம்பை ஒரு சீவல் அறுங்கள். துண்டை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். இப்போது அறுத்த விளிம்பு சட்டத்தோடு ஒட்டி வரும். அடுத்த விளிம்பை அறுங்கள். இப்படியே நான்கு பக்கமும். ஐந்தாவதாக, முதலில் அறுத்த விளிம்பு மறுபடி பிளேடு பக்கம் வரும். இந்த முறை சீவலாக வேண்டாம், ஓர் அங்குல அகலத்தில் பட்டையாக எடுங்கள். எடுக்கும் முன் சட்டத்தை ஒட்டியிருக்கும் முனையில் ‘ச’ என்று எழுதிவிடுங்கள், பிறகு எது எந்த முனை என்ற குழப்பம் வராது.

சட்டத்தில் துளி கோணல் இருந்தாலும் ஒவ்வொரு வெட்டும் அதை அடுத்த விளிம்புக்குக் கடத்துகிறது. கடைசிப் பட்டையில் நான்கு மடங்காகச் சேர்ந்திருக்கும். வெர்னியர் காலிப்பரால் பட்டையின் இரு முனை அகலத்தையும் அளவெடுங்கள். ‘ச’ முனை 25.80 மி.மீ., மறுமுனை 25.40 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.40. நான்கால் வகுத்தால் 0.10. அதாவது 400 மி.மீ. நீளத்துக்கு 0.10 மி.மீ. கோணல். அச்சாணி ஸ்க்ரூவிலிருந்து இடது முனை 600 மி.மீ. தூரம் என்றால், அந்த முனையை நகர்த்த வேண்டிய அளவு 0.10 வகுத்தல் 400, பெருக்கல் 600. வருவது 0.15 மி.மீ.

எந்தப் பக்கம் நகர்த்துவது? ‘ச’ முனை அகலமாக இருந்தால் இடது முனையை நம்மை விட்டு விலகும் திசையில் தள்ள வேண்டும். மறுமுனை அகலமாக இருந்தால் நம்மை நோக்கி இழுக்க வேண்டும். 0.15 மி.மீ. எப்படித் தள்ளுவது என்றால், பைக் மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கொத்து) போதும். சட்டத்தின் இடது முனைக்கு நம் பக்கமாக ஒரு கட்டையை ஒட்ட வைத்து கிளாம்ப் போடுங்கள். தற்காலிக ஸ்க்ரூவைக் கழற்றி, கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் 0.15 தகட்டைச் செருகி, சட்டத்தைத் தகட்டோடு அணைத்தபடி புதிய இடத்தில் ஸ்க்ரூ போடுங்கள். பழைய துளையில் போட்டால் ஸ்க்ரூ தன் பழைய இடத்துக்கே சட்டத்தை இழுத்துவிடும். மறுபடி ஐந்து வெட்டு. இரண்டாம் சுற்றில் வித்தியாசம் 0.05-க்குள் வந்துவிட்டால், நானூறு மி.மீட்டருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய பிழைதான் மிச்சம். மரவேலையில் அதற்கு மேல் துரத்துவது வீண்.

இந்தப் பலகை வேலை செய்யும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அறுப்பு முடியும் தருணத்தில் பிளேடு நம் பக்கத்துச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். கட்டைவிரல் இருக்கும் இடம் அதுதான். சட்டத்தின் பின்னால், வெட்டு வாய்க்கு நேராக, நல்ல கனமான கட்டை ஒன்றை ஒட்டி அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள். பிளேடு அந்தக் கட்டைக்குள்ளேயே நின்றுவிடும் தூரத்தில் பலகையின் ஓட்டத்தைத் தடுக்க, மேஜையில் ஒரு நிறுத்தமும் வேண்டும். மெஷினோடு வந்த பிளேடு மூடியை இந்த வேலைக்காகக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு சட்டங்களுக்கும் மேலே குறுக்காக அக்ரிலிக் தகடு ஒன்றைத் திருகிவிடுவது நல்லது.

ஒரே நீளத்தில் பதினாறு கால் அறுக்க வேண்டுமா? சட்டத்தில் ஒரு சின்னக் கட்டையை கிளாம்ப் போட்டு நிறுத்தினால் போதும், டேப்பை ஒரே தடவை விரித்தால் முடிந்தது. அந்தக் கட்டையின் அடி மூலையைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே தூள் சேர்ந்து, பத்தாவது கால் முதல் காலைவிடக் குட்டையாகும். மெஷினின் நீளவாட்டு ஃபென்ஸையே (பிளேடுக்கு இணையாக நிற்கும் வழிகாட்டிச் சட்டம்) நிறுத்தமாக வைத்துக் குறுக்கே அறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அறுபட்ட துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழும் திசையில் சுற்றுவதால் அதைத் தூக்கி நம் மேலேயே எறியும்.

பிளேடைச் சுற்றி ஒட்டிய தகடு

முருங்கைக்காயைக் கையில் பிடித்து அறுத்தால் கடைசியில் தோல் நாராக உரிந்துகொண்டு வரும். பலகையில் வைத்து அறுத்தால் பட்டென்று துண்டாகும். பிளைவுட்டின் அடிப்பக்கம் சிராய் பெயர்வதும் இதே காரணத்தால்தான். பல் மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வெளியேறும் இடத்தில் நாருக்கு அடியில் தாங்கல் இல்லை. மெஷினோடு வரும் வாய்த்தகட்டில், அதாவது மேஜையில் பிளேடு எழும் வாயைச் சுற்றியிருக்கும் தகட்டில், பிளேடுக்கு இரு பக்கமும் இடைவெளி தாராளமாக விடப்பட்டிருக்கும்.

அந்தத் தகட்டைக் கழற்றி, அதே வடிவத்தில் பிளைவுட் ஒன்றை வெட்டி, மேஜை மட்டத்துக்குச் சரியாக உட்கார வையுங்கள். மட்டம் குறைந்தால் நான்கு மூலையிலும் சின்ன ஸ்க்ரூ போட்டுத் தூக்கிக்கொள்ளலாம். பிறகு மேலே ஒரு கனமான கட்டையை, பிளேடு வரும் இடத்தை விட்டு ஒதுங்கி, கிளாம்ப் போட்டு அழுத்தி, ஓடும் பிளேடை மெதுவாக மேலே ஏற்றுங்கள். பிளேடு தனக்கு வேண்டிய அளவு வாயைத் தானே வெட்டிக்கொள்ளும். பிளேடு முழுக்க இறங்கினாலும் புதிய தகட்டைத் தொடும் மெஷின்கள் உண்டு. அப்போது தகட்டின் அடியில் முதலிலேயே ஒரு காடி எடுத்துவிட வேண்டும், ஓடும் பிளேடின் மேல் தகட்டை அமுக்கி இறக்கவே கூடாது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகடு உங்கள் மெஷினில் இருந்தால் அதற்கும் வாயை நீட்டிவிடுங்கள். அதைக் கழற்றி வைப்பது சரியான வழி இல்லை.

ட்ரில் பிரஸ்ஸுக்கு ஒரு மேஜை

பிட்டை நேராகக் கீழே இறக்கித் துளை போடும் சின்ன ட்ரில் பிரஸ்களின் இரும்பு மேஜை இரும்பு வேலைக்காக அமைந்தது. மரத்துக்கு அது சிறியது. 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டடிக்கு ஓரடி மேஜை ஒன்று செய்து, அடியிலிருந்து போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம். நடுவில், பிட் இறங்கும் இடத்தில், நான்கு அங்குலச் சதுரமாக ஒரு துளை வெட்டி, அதில் கழற்றி மாட்டும் துண்டுகளைப் போடுங்கள். துளை போடும்போது மரத்தின் அடிப்பக்கம் பெயராமல் தாங்குவது அந்தத் துண்டுதான். முன்னே சொன்ன முருங்கைக்காய்க் கணக்கேதான் இங்கும். துண்டு ஓட்டையாகிவிட்டால் திருப்பிப் போடலாம், பிறகு புதிது. மீந்த பிளைவுட்டில் ஒரே நேரத்தில் பத்துத் துண்டு வெட்டி வைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

பின்னால் ஒரு சட்டம். இது எந்தக் கோணத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிட் ஒரு புள்ளிதான், அந்தப் புள்ளியிலிருந்து சட்டம் எவ்வளவு தூரம் என்பது மட்டுமே கணக்கு. அதனால் ஒரு முனையை போல்ட்டில் நிறுத்தி, மறுமுனையை ஆட்டி கிளாம்ப் போட்டாலே வேலை நடக்கும். சட்டத்தின் அடி விளிம்பில் ஒரு நூல் அளவுக்குச் சாய்வு சீவிவிடுங்கள், தூள் ஒதுங்க.

இன்னும் இரண்டு சின்ன ஜிக்குகள் மிச்சம். கைக்குப் பதில் மரத்தைத் தள்ளும் தள்ளுகட்டையை 18 மி.மீ. பிளைவுட்டில், மரத்தின் பின் முனையைக் கவ்வும் குதிகாலோடு, கை பிளேடுக்கு மேலே உயரமாக நிற்கும்படி வெட்டுங்கள். மெல்லிய ரீப்பர் குச்சியை வைத்துத் தள்ளுவது ஆபத்து, வழுக்கும். சீப்புக்கட்டை என்பது முனையை 30 பாகையில் சாய்த்து அறுத்து, அதில் சீப்புப் பற்கள் போல இரண்டு நூலுக்கு ஒன்றாக வெட்டுகள் போட்ட பலகை. அது மரத்தை ஃபென்ஸோடு அழுத்தும், பின்னால் வரவும் விடாது. எப்போதும் பிளேடுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். பிளேடுக்கு நேராக வைத்தால் வெட்டு வாயை இறுக்கிப் பிளேடைப் பிடித்துவிடும்.

சறுக்குப் பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மாதக்கணக்கில் சாய்ந்தால் அடிப்பலகை வளையும். இரண்டு ஆணி அடித்து, சட்டத்தைத் தாங்கித் தொங்க விடுங்கள். என் பலகையில் சட்டத்தின் பின்பக்கம் பென்சிலில் தேதிகளும் அவற்றுக்கு எதிரே எண்களும் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெரிய வேலைக்கும் முன்னால் ஐந்து வெட்டுப் போட்டு எழுதியவை. சித்திரையில் 0.04, ஐப்பசி மழையில் 0.11, மறுபடி தையில் 0.05. மழை மாதத்தில் எண் கூடினால் ஸ்க்ரூவைத் தொட மாட்டேன். இரண்டு வாரம் வெயில் அடிக்கட்டும் என்று கதவு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, அதுவரை அலமாரித் தட்டு அறுப்பேன்.